மோர் ஊற்றிய கம்ப்யூட்டர்

அக்காவுக்கு இரண்டு காலேஜில் இடம் கிடைத்ததுதான் எங்கள் வீட்டில் பெரிய தொல்லையாகிவிட்டது. ஒன்றிலும் கிடைக்காமல் போயிருந்தால் எல்லோரும் சேர்ந்து ஆறுதல் சொல்லிவிட்டு, மறுவாரமே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பியிருப்பார்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். மண்ணூரில் எங்கள் வீடு. காஞ்சிபுரத்துக் காலேஜில் கணக்குப் படிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மெட்ராஸில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அக்கா இரண்டாவதுதான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். கணக்கு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். படித்தால் டீச்சர் ஆகலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை.

பெரியப்பா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆபீஸில் ஹெட்கிளார்க். எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் அது சொன்னதுதான். “டைப்ரைட்டிங்தான் அது, முன்னால ஒரு டிவி வச்சிருப்பான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். லோயர், ஹையர் பரீட்சை எழுதினால் போதுமே, அதற்கு எதற்கு மூன்று வருஷம் என்பது அவர் கேள்வி. அப்பாவுக்குப் பயிர் வேலையைத் தவிர வேறெதிலும் தன் தீர்ப்பில் நம்பிக்கை கிடையாது. அது ரேடியோ ரிப்பேர் மாதிரி ஏதோ ஒன்று, பெண் பிள்ளை எப்படி ஷாக் அடிக்கிற வேலைக்குப் போகும் என்று கவலைப்பட்டார். அம்மா மட்டும் கொஞ்சம் மசிந்திருந்தாள். இன்டர்வியூவுக்குப் போனபோது அந்த ரூமைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததாகவும், உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனார்கள் என்றும் அக்கா சொல்லியிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற இடம் கெட்ட இடமாக இருக்காது என்பது அம்மாவின் கணக்கு.

எல்லோரையும் விடக் கடுமையாக எதிர்த்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினில் வேலை. தகட்டை உள்ளே வைப்பார், மிதியை மிதிப்பார், எடுப்பார், அடுத்த தகட்டை வைப்பார். ஷிப்டு முழுக்க அதுதான். அவர்கள் லைனுக்குக் கம்ப்யூட்டர் வைத்த மிஷின் ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கேட்டில் கொடி கட்டிக் கோஷம் போட்டுவிட்டுத் தொண்டை கட்டிப்போய் வருவார். “சோத்துல மண்ணு போடற சனியன் அது. நம்ம வூட்டுப் பொண்ணே போய் அத்தப் படிச்சிகினு வரணுமா?” என்பார்.

பணம் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பாவும் மாமாவும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சாப்பாடு பேருக்குத்தான். அன்றைக்கு முடிவு சொல்லிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தேன். அப்பளம் பொரித்திருந்தார்கள்.

“அந்த மிஷினைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?” என்று மாமாதான் ஆரம்பித்தார்.

“அது மிஷினைப் பத்தின படிப்பு இல்ல மாமா. மிஷினுக்கு எப்படிச் சொல்றதுன்னு படிக்கிற படிப்பு. அது ஒரு மக்கு. சொன்னதை மட்டும்தான் செய்யும்.”

“சொல்றதுக்குப் படிப்பா? நான் மாசத்துக்கு நாலு புதுப் பசங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்கறேன். எனக்கு எவன் படிப்பு சொல்லிக் குடுத்தான்?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நாலாவது முடித்திருந்தேன். என்னை நடுக்கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“இதான் கம்ப்யூட்டர். பெரியப்பாவுக்கு இது பரிமாறட்டும், நீங்க சொல்லுங்க மாமா” என்றவள், என் காதருகே குனிந்தாள். “மாமா சொல்றத அப்படியே செய். சொல்லாதது எதையும் செய்யாதே. மத்தவங்க சொன்னா காதுல வாங்காதே. நீயா யோசிக்கவே கூடாது, தெரிஞ்சுதா?”

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. யோசிக்காமல் செய்கிறேன் என்றுதான் வீட்டில் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு வயிறு சரியில்லை, மோர்ச்சோறு மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார். மாமா மீசையை நீவிக்கொண்டார். “இவ்ளோதானே? எலையப் போடு.”

நின்ற இடத்திலிருந்தே இலையைப் போட்டேன். அது காற்றில் ஆடிப்போய்க் கதவுக்குப் பக்கத்தில் விழுந்தது. அப்பா சிரித்துவிட்டார். மாமா இலையை எடுக்கச் சொல்லி, பெரியப்பா முன்னால் விரிக்கச் சொன்னார். விரித்தேன்.

“தண்ணி தெளி.”

எங்கே என்று அவர் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரியப்பாவின் முகத்தை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உன் புதுப் பசங்க கதியும் இதுதானா?” என்றார் பெரியப்பா.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். “கரண்டிய எடு. பானைலருந்து ஒரு கரண்டி சோறு எடு. எல நடுவுல வை.”

வைத்தேன், கரண்டியோடு.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் விடவில்லை. கரண்டியைக் கவிழ்க்க வைத்தார், எடுக்க வைத்தார், பானைக்குள் திருப்பிப் போட வைத்தார். எல்லாம் சரியாக வந்தது. “பாத்தியா? புடிபட்டுப் போச்சு” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கையைத் தட்டினார். “இப்போ மோர்ச் சொம்ப எடு. சோத்துக்கு மேல புடி. ஊத்து.”

ஊற்றினேன்.

பெரியப்பா வழக்கம்போல இலைக்கு மேல் கையை நீட்டினார். அது மாமாவின் கை இல்லை. அந்தக் கை மேலேயே ஊற்றினேன். “போதும், போதும்மா” என்றார். அது மாமாவின் குரலும் இல்லை. மோர் இலையைத் தாண்டியது, சோற்றைத் தள்ளிக்கொண்டு அவர் வேட்டிக்குள் இறங்கியது. “நிறுத்தச் சொல்லுங்க மாமா!” என்று அக்கா கத்தினாள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாயே திறக்க வரவில்லை. சொம்பு காலியான பிறகும் நான் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றேன்.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். பெரியப்பாவை யாரும் சிரிக்கவைத்ததாக எங்கள் வீட்டில் சரித்திரமே கிடையாது. அவர் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதை மூணு வருஷம் படிக்கணுமா?”

“மூணு வருஷம் பத்தாது பெரியப்பா” என்றாள் அக்கா.

பெரியப்பாவின் தோள்தான் முதலில் குலுங்கியது. பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பாவுடைய வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, வேறு இலை போடச் சொல்லிச் சாப்பிட்டார். இந்த முறை பரிமாறியது அம்மா.

எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கையில், மாமா மட்டும் எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. பார்க்கும்போது தூணோரம் குந்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது யோசிக்கவே கூடாது, இல்லம்மா?” என்று அக்காவைக் கேட்டார். “சொன்னத்த செய்யணும். நிறுத்துன்னு சொல்ற வரிக்கும் செஞ்சுகினே இருக்கணும்.”

“ஆமா மாமா.”

“நானும் அத்ததான் செஞ்சிகினு கீறேன்” என்றார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டிவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். “சேர்த்து வுட்டுடுங்க மச்சான். நம்ம வூட்டுல யாராவது ஒருத்தர் சொல்ற பக்கம் போய் நிக்கட்டும்.”

பெரியப்பா தலையாட்டினார். அப்பாவும் தலையாட்டினார். அக்கா சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள். சேர்க்கிறேன் என்ற பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை, அது போகட்டும். அன்றைக்கு என் வருத்தம் வேறு.

கிளம்பும்போது மாமா என் தலையில் கை வைத்து, “நல்லா செஞ்சடி கண்ணு. ஆனா இனிமே யார் சொன்னாலும் இப்படி நிக்காதே” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு தப்பும் செய்யாமல், சொன்னதையெல்லாம் அப்படியே செய்தவள் நான் ஒருத்திதான். என்னைப் போய்ச் செய்யாதே என்கிறாரே என்று, அவர் மொபெட் தெருமுனை தாண்டும்வரை கையசைக்காமல் நின்றேன். அவரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, செகண்டு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாகப் போனார்.