அப்பாவின் வலது கால்

"பெரியவரே, கால ஆட்டாதீங்க. கோடு கோணலா வருது." ஈசிஜி எடுக்கும் பெண் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டாள். கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பாவின் வலது கால் மட்டும் போர்வைக்குள் எதையோ மிதித்துக்கொண்டே இருந்தது.

ஆரணியில் தறிக்குழிக்குள் இறங்கி, நாளெல்லாம் மிதிகட்டையை மிதித்த கால் அது.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா காய்ச்சலில் கிடந்தாள். பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. கௌதாரி சாறு வைத்தால் குடிப்பேன் என்றாள். அப்பா உண்டிவில்லை எடுத்துக்கொண்டு என்னோடு கடலைக்கொல்லைக்குப் போனார். உட்கார்ந்தால் செடி மறைத்தது. நின்றுதான் அடிக்க வேண்டும். ஆனால் ரப்பரை இழுத்துக் கல்லை விடும் நொடியில், தறி நினைப்பில் வலது கால் தானாகவே மிதித்துவிடும். உடம்பு சாயும், கல் தப்பும். இரண்டு கௌதாரிகள் அப்படித்தான் பறந்து போயின.

வெயில் ஏறிய பிறகு மூன்றாவது ஒன்று வரப்போரம் வந்து நின்றது.

"ஜல்தியா வந்து என் கால அழுத்திப் புடிச்சிகினு இரு," என்று அப்பா கிசுகிசுத்தார்.

மண்ணில் குப்புறப் படுத்து இரண்டு கைகளாலும் பாதத்தை அமுக்கினேன். தலைக்கு மேல் ரப்பர் நீண்டு முனகியது. உள்ளங்கைக்குக் கீழே பாதம் துடித்தது. நான் விடவில்லை. சட்டென்று ஒரு சத்தம். வரப்பில் இறகு சிதறியது. அன்று சாயங்காலம் அம்மா இரண்டு கிண்ணம் குடித்தாள்.

போர்வையை விலக்கி, அதே பாதத்தை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தேன். ஆட்டம் நின்றது. கண்ணைத் திறக்காமலே அப்பா கேட்டார்:

"பறந்துடுச்சா?"

"இல்லப்பா. அங்கதான் நிக்குது. ஆடாத."