மஞ்சள் கார்டும் கவிழ்த்த வாளியும்

போன மழைக்காலத்தில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அங்கே ஒரு கம்பெனியின் பாக்கிங் லைனில் எனக்கு வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான்.

அதற்கு ஒரு வருடம் முன்பே முழங்காலும் கணுக்காலும் வலிக்க ஆரம்பித்திருந்தன. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவேன். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே நார்மல். நல்ல செய்திதானே என்பீர்கள். எனக்கு அந்த வார்த்தையே எதிரியாகிவிட்டது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றுவார்கள். ஒன்றுமே இல்லாததற்கு என்னவென்று எழுதுவது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சூப்பர்வைசரோ எல்லார் எதிரிலும், "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்ல, அப்புறம் இன்னாத்துக்கும்மா நொண்டிக்கினு வர்ற?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எங்கள் லைனுக்கு ஒரே ஒரு மஞ்சள் கார்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் பாத்ரூம் போகலாம். அது திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள் போக முடியும். அன்று கார்டோடு போன நான், அங்கே கிடந்த வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால், என் பக்கத்தில் நின்று வேலை செய்யும் பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன்பு நான் லைன் லீடர். கால் வலி தாங்காமல் இவள் இதே பாத்ரூமில் உட்கார்ந்திருந்தபோது, கதவைத் தட்டி வெளியே வரவைத்தது நான்தான். "ரிப்போர்ட் நார்மல்னு நீயேதான சொன்ன, அப்புறம் இன்னா நடிப்பு?" என்று கேட்டேன். அவள் அழ அழ, அவள் பேரையும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். கான்ட்ராக்ட் மாறியதில் பிறகு என் பதவி போய்விட்டது. கொழுப்பு மட்டும் இந்த வலி வந்த பிறகுதான் அடங்கியது.

இன்று பழிதீர்க்க அவளுடைய முறை என்று நினைத்து, கார்டைக் கழற்றி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"சூப்பர்வைசர்தான் கூட்டியாரச் சொன்னாரு. வாந்தி எடுத்துக்கினு இருக்கன்னு சொல்லிக்கிறேன். வாந்தின்னா நம்புவாங்க, வலின்னாதான் நம்ப மாட்டாங்க. நீ குந்து அக்கா. எனக்கும் அந்தக் கால் வலி இன்னும் போவல" என்று சொல்லிவிட்டு, தன் முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டு போய்விட்டாள்.

நான் திரும்பி வந்தபோது என் பெட்டிகளையும் சேர்த்து அவளே கட்டி வைத்திருந்தாள். அந்தக் காலோடு!

நியாயமாகப் பார்த்தால் ஒரு ஸ்டூல் போட்டால் தீர்ந்தது. அதைக் கேட்டு நாங்கள் இருவரும் எழுதிக் கொடுத்தோம். இன்னும் வரவில்லை, நாங்களும் விடுவதாக இல்லை. சூப்பர்வைசரை மனசுக்குள் திட்டும்போதெல்லாம், அவர் பேசியது நான் பேசிய அதே பேச்சுதானே என்பது முள்ளாகக் குத்துகிறது. வலிக்கிறது என்று யாராவது சொன்னால் இப்போது நான் ரிப்போர்ட் கேட்பதில்லை, கேட்கிறவர்களைச் சும்மா விடுவதும் இல்லை.