காலையில் மிதக்கும் பச்சை

ஏரிக்கரையில் வாடகைக்குப் படகு விடும் அந்தப் பெண்மணியை எல்லோரும் படகுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். யாரையும் அவ்வளவு சுலபத்தில் நம்பமாட்டார். படகு திரும்பி வந்தால் துடுப்பைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கி வைப்பார்.

அந்தக் கோடையில் காலையில் கதவைத் திறந்தால், ஏரியில் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் படலம் மிதந்தது. மாலைக்குள் காணாமல் போய்விடும். மறுநாள் மறுபடியும் அதே கதை. இருட்டில் யாரோ எதையோ கொட்டுகிறார்கள் என்று முடிவுகட்டினார். யார் என்பதிலும் அவருக்குக் குழப்பம் இல்லை. கரையோரம் சலவைக்கடை வைத்திருந்தவள் அவருடைய நாத்தனார்தான். நேரே போய்க் கேட்டும் விட்டார். நாத்தனார் அன்றிலிருந்து வீட்டுப் பக்கம் வரவே இல்லை. தங்கையையும் விட்டுக்கொடுக்க முடியாமல், மனைவியையும் மறுத்துப் பேச முடியாமல், கணவர் சாப்பிட்ட கையோடு படகுத்துறைக்குப் போய்விடுவார்.

தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்க வந்த ஆய்வகப் பெண் வேறு மாதிரி சொன்னாள். அது தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை உயிராம். உடம்புக்குள் இருக்கும் காற்றுப் பைகளால் மிதக்குமாம். பகலில் வெயிலைக் கொண்டு செய்த சர்க்கரை பாரமாகி அடியில் இறங்குமாம். மேலே சத்து வற்றியிருந்தால், சேற்றருகே கிடைப்பதைச் சேர்த்துக்கொள்ளுமாம். இரவில் சர்க்கரை செலவாக, லேசாகி மேலே வருமாம்.

"பட்டினி போட்டாலும் சீக்கிரம் சாகாதும்மா. வெளுத்துப்போய் அடங்கிக் கிடக்கும். சத்து கிடைச்சா திரும்பப் பச்சையாயிடும்."

இவளுடைய வெள்ளைக் கோட்டை எந்தக் கடையில் வெளுக்கிறார்கள் என்பதுதான் படகுக்காரம்மாவுக்கு முதலில் தோன்றியது. முகத்தைப் பார்த்தே ஆய்வகப் பெண் புரிந்துகொண்டாள்.

"என்னை நம்ப வேணாம். உயரமான ஜாடியில நீங்களே மொண்டு வச்சுப் பாருங்க."

மொண்டுவந்து சமையலறை ஜன்னலோரம் வைத்தார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். வெளியே போகும்போதெல்லாம் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். கணவர் தண்ணீர் குடிக்கக்கூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. மாலையில் பச்சை அடியில் கிடந்தது; காலையில் மேலே வளையம் கட்டியிருந்தது. டேப் பிரியவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

சலவைக்கடைக்குப் போனார்.

"ஜாடிய நம்புறேன். உன் சோப்புத் தண்ணி எங்க போகுதுன்னு மட்டும் காட்டு."

"வாங்க அண்ணி," என்று நாத்தனார் சிரிக்காமல் எழுந்தாள்.

பின்பக்கக் குழாய் சாக்கடையில் இறங்கியது. படகுக்காரம்மா அதோடு விடவில்லை. தெருமுனைவரை சாக்கடையோடு கூடவே நடந்து, அது ஏரிக்கு எதிர்த்திசையில் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் கடைக்குத் திரும்பி வந்தார்.

நாத்தனார் ஒரு பெரிய விரிப்பின் முனையை நீட்டினாள். "பிடிங்க. தனியா மடிக்க முடியல."

பிடித்துக்கொண்டார். தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இதுல என்ன வாசனை?" என்று மட்டும் கேட்டார்.