அம்மாவுக்கு வந்தது உண்மையான வயிற்றுவலி

ஓராண்டுப் படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அம்மா குடலில் வந்த புற்றுநோயால் இறந்தார். வேறு எதனாலும் இறக்கவில்லை. மற்றவர்கள் வீட்டு மலர்களில் இந்தச் செய்தி எங்காவது ஒரு மூலையில் ஒரு வரியாக இருக்கும். எங்கள் வீட்டு மலரில் அதை முதலிலேயே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வந்திருக்கும் உங்களில் பலர் இன்றுவரை அதை நம்பவில்லை.

அம்மா நல்லதண்ணிக்குப் பக்கத்திலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்குள்ள மலையின் உச்சிக்குப் பக்தர்கள் யாத்திரை வரும் பருவத்தில் அவருடைய வீட்டார் பாதையோரத்தில் கடலை அவித்து விற்பார்கள். கூட்டத்தில் நின்று சிங்களத்திலும் தமிழிலும் கூவி விற்ற சிறுமியின் குரல் அம்மாவிடம் கடைசிவரை இருந்தது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. கல்யாணமாகி உடப்புசல்லாவைப் பக்கம் அப்பாவின் தோட்டத்துக்கு வந்தார். அன்றிலிருந்து ஓய்வுபெறும் வயது வருமுன்பே படுக்கையில் விழுந்த நாள்வரை கொழுந்து பறித்தார்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அப்பா அப்போது குடித்தார். (அப்பாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "எழுது பாப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்.) சொந்தக்காரப் பெண்ணொருத்தியின் வளைகாப்புக்குப் போன அம்மாவை, அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வாசலிலேயே நிறுத்தினார்.

"மதினி, நீங்க அந்தப் பக்கமா அடுப்படியில நில்லுங்க. வளையல் போட்டு முடியட்டும்."

அந்த வாரம் அம்மா தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அத்தையின் அந்த ஒரு சொல்லால் அது நடந்ததென்று நான் சொல்ல மாட்டேன். நான் படித்த படிப்பு அப்படிச் சொல்ல விடாது. எந்த மனிதரும் ஒரே காரணத்தால் அந்த இடத்துக்குப் போவதில்லை. பல காரணங்கள் சேர்ந்து தள்ளுகின்றன. அத்தை சொன்னது அவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். வண்டியிலேயே பெரியப்பா அம்மாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாராம்: "யாரு கேட்டாலும் வயித்துவலி தாங்க முடியல்லனு சொல்லணும். வேற ஒண்ணும் பேசக் கூடாது. போலீஸ் வந்துரும்." அம்மா அப்படியே சொன்னார். மருத்துவத் தாதி கேட்டபோதும் சொன்னார். மனநலப் பிரிவிலிருந்து வந்த ஒரு டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து, "உங்க வீட்டுல ஏதும் கஷ்டமா?" என்று கேட்டபோதும் அதையே சொன்னார். தனக்கு நீட்டப்பட்ட ஒரே கையை அந்தப் பதிலால் அவர் தட்டிவிட வேண்டியதாயிற்று. வீடு திரும்பியபோது தோட்டம் அவருக்கு ஒரு பெயர் வைத்துக் காத்திருந்தது. போயிட்டு வந்தவ.

பிறகு நான் பிறந்தேன். பிள்ளை பிறந்ததால் பழைய பெயர் போய்விடும் என்று அம்மா நினைத்திருக்கிறார். போகவில்லை. கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டு அவர் கைக்கு வந்ததில்லை. தேயிலை மலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுக்கும்போது, வேலை வாங்கும் கங்காணி வேடிக்கையாகக் கேட்பார்.

"என்ன, போயிட்டு வந்தவளே, மேல எப்படி? அங்கயும் தேயிலதானா?"

பெண்கள் சிரிப்பார்கள். அம்மாவும் விட மாட்டார்.

"தேயில இருக்கு கங்காணி. ஆனா கங்காணிமாரு யாரையும் உள்ள விடல்ல."

இதற்கும் சிரித்தார்கள். ஆனால் பெயர் அப்படியே இருந்தது.

அம்மா என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்துமுடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றபடி, "எம் மக கம்பஸ்ல" என்று யாரும் கேட்காமலே சொல்வார்.

பட்டம் பெற்றதும் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை கிடைத்தது. தோட்டங்களிலும், அவற்றை ஒட்டிய சிங்களக் கிராமங்களிலும், நகரங்களிலும் மக்கள் ஏன் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறார்கள், எதனால் தடுக்கலாம் என்பதைப் பற்றிய ஆய்வு. முயன்று பிழைத்தவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கண்டு பேசுவது என் வேலை. இடத்துக்கு இடம் காரணங்கள் மாறுகின்றன. கிராமத்து முதியவர்களைத் தனிமை அரிக்கிறது. நகரத்துப் பிள்ளைகளைப் பரீட்சையும் காதலும் வாட்டுகின்றன. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் குடி, அடி, ஊர்ப்பேச்சு. சுவரைத் தட்டினால் பக்கத்து வீட்டில் கேட்கும் லயத்தில் பேச்சுக்கு எங்கே தப்பி ஓடுவது? ஆனால் எல்லா இடத்திலும் மாறாத சில உண்மைகள் உண்டு. அந்த எண்ணம் அலை மாதிரி எழுந்து தணியும். தணியும்வரை ஒருவர் கூட இருந்தால் பெரும்பாலானவர்கள் கரையேறிவிடுகிறார்கள். ஒருமுறை முயன்றவரைத்தான் அதிகம் கவனித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கவனிப்பது என்றால் காவல் வைப்பதல்ல, போய்ப் பேசுவது. "உனக்குச் சாகிற நெனப்பு வருதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். வராது. கேட்டவரிடம் மனசு திறக்கும்.

தோட்டத்துக்குத் தோட்டம் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். வயிற்றுவலி. எங்கள் குழுவின் மூத்த ஆய்வாளர் ஒருநாள் கேலியாகக் கேட்டார்: "உங்க ஆளுங்க எல்லாருக்கும் வயிறுதான் கெட்டிருக்கோ?" அது வலியல்ல, பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பதில் என்று நான் விளக்கினேன். விளக்க முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வருடம்தான் அம்மாவுக்கு வயிறு வலிக்கத் தொடங்கியது.

அம்மா யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் அம்மாவைப் போன்ற ஒருவர் வயிறு வலிக்கிறது என்று சொல்ல முடியுமா? போனில் என்னிடம், "நல்லாருக்கேன் பாப்பா, நீ நேரத்துக்குச் சாப்பிடு" என்பார். மாதங்கள் கழித்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு சுருண்டு விழுந்தார். தூக்கப் போன பெண் முகத்தை அருகில் கொண்டுபோய்க் கேட்டிருக்கிறாள்.

"என்னா செஞ்சுக்கிட்டீங்க அக்கா?"

"வயிறு வலிக்குது."

அவள் கையை எடுத்துவிட்டாள். "ஐயோ, மறுபடியுமா!" என்று மலை முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில், எங்கே வலி என்று யாரும் கேட்கவில்லை. "உண்மையச் சொல்லு, என்னா செஞ்ச?" என்ற ஒரே கேள்வி. அம்மா ஒன்றுமில்லை என்றார். நம்பவில்லை. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, பிடித்து அமுக்கிப் பலவந்தமாக வைத்தியம் செய்தார்கள். வயிற்றில் கட்டி வளர்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு. வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களின் பெயர்களை நான் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டில் காவல். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா மெலிந்தார், சாப்பாட்டை ஒதுக்கினார், பேச்சைக் குறைத்தார். நோய்க்காரி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "அந்தப் புத்தி போகல்ல" என்றார்கள். அத்தை கயிறு மந்திரித்துக் கட்டினார். அப்பா மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறார். பெரியப்பா விடவில்லை.

"தம்பி, ஒம் மக ஊர் ஊராப் போயி இதத்தான் விசாரிச்சுக்கிட்டுத் திரியிது. பெத்த தாயே திரும்பவும் போயி அங்க படுத்தா, பிள்ள மூஞ்சில காறித் துப்ப மாட்டாங்களா?"

என் மானத்தைக் காப்பாற்ற என் அம்மாவை வைத்தியத்துக்கு விடாமல் வைத்திருந்தார்கள். இதற்கு என்னிடம் நன்றியை எதிர்பார்த்தவர்களும் உண்டு.

தீபாவளிக்கு வந்த நான் அம்மாவைப் பார்த்த உடனே வண்டி பிடித்து நானுஓயாவுக்கும், அங்கிருந்து ரயிலில் கண்டிக்கும் கொண்டுபோனேன். அங்கே டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு காலம் வரவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா கடலை விற்ற அந்தப் பழைய சிங்களத்திலேயே, அவரை மாத்தயா (ஐயா) என்று அழைத்துப் பதில் சொன்னார்: "சொன்னா நம்ப மாட்டாங்க மாத்தயா." நோய் ஈரல்வரை போயிருந்தது. அறுக்க முடியாது என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாமா மாத்தயா? மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல்ல."

சாவைத் தேடியவள் என்று நீங்கள் பெயர் வைத்த பெண் சொன்னது இது.

சில மாதங்களில் வீட்டிலேயே காலமானார். அப்பா அம்மாவின் கையைப் பிடித்தபடி இருந்தார். வந்தவர்கள் என்ன நடந்ததென்று கேட்டபோது, அந்த மனிதர் பொய் சொல்லத் தெரியாமல் உள்ளதைச் சொன்னார்: "வயித்துவலிதான். தாங்க முடியாம இருந்துச்சு." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தலையாட்டலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

எங்கள் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தானே உயிரை விட்டவருக்குத் தப்பு மேளம் அடிப்பதில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் பாடை போவதில்லை, பின்பக்கத்துக் குறுக்குப் பாதையால் கொண்டுபோவார்கள். கோயில் தலைவர் வந்து அதையே சொன்னார். நான் வாசலில் நின்று, இது புற்றுநோய், கண்டி ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. மிகவும் கனிவாகப் பேசினார்.

"அம்மாடி, படிச்ச பிள்ள, கெட்டிக்காரி. ஒன் எடத்துல நாங்க இருந்தாலும் இப்படித்தான் சொல்லுவோம்."

என் படிப்பு அன்று எனக்கு கெட்டிக்காரப் பொய்க்காரி என்ற பட்டத்தை மட்டும் வாங்கித் தந்தது. அம்மா குறுக்குப் பாதையால் போனார். மழை பெய்திருந்தது. சுமந்தவர்கள் வழுக்கினார்கள். தப்புச் சத்தம் இல்லாததால் அவர்களுக்கு மூச்சு வாங்குவது நன்றாகக் கேட்டது.

இனி நன்றி. பந்தல் போட்ட இளைஞர்களுக்கு நன்றி. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிய அயலவர்களுக்கும், கண்டியில் என்னையும் அம்மாவையும் தன் வீட்டில் தங்கவைத்த தோழிக்கும் நன்றி. கயிறு கட்டிய அத்தைக்கும், எங்கள் மானத்தைக் காத்த பெரியப்பாவுக்கும், தலையாட்டிய எல்லாருக்கும் அவரவர் செய்ததற்கு ஏற்ற நன்றி.

இன்னும் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். கீழ் லயத்துப் பெண். அம்மாவின் கடைசி வருடத்தில் அவளும் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தாள். வந்த வாரமே அம்மாவின் பெயரை எடுத்து அவளுக்கும் வைத்தீர்கள். கண்டியிலிருந்து வந்த பிறகும் அம்மா நடக்க முடிந்தவரை அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கு அந்த நெனப்பு வந்திச்சா?" என்று கேட்பார். வந்தது என்றால் பொழுது சாயும்வரை எழும்ப மாட்டார். "சோடி சேந்துட்டாளுக" என்று சிரித்தீர்கள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கைகால் கழுவிப் போன பிறகு அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, அம்மாவுக்கு எந்த எடத்துல வலிச்சிச்சு?"

அந்தக் கேள்வியை எங்கள் தோட்டத்தில் வேறொருவரும் கேட்கவில்லை. நான் என் வயிற்றில் கைவைத்து இடத்தைக் காட்டினேன். அவள் அந்த இடத்தைப் பார்த்து அழுதாள். அவளுக்கு என் முழு நன்றி. அவள் இப்போது கொழுந்து மலைக்குப் போகிறாள், நாள் சம்பளத்துக்குப் பெயர் போட்டு உழைக்கிறாள், இருக்கிறாள். அவளை அந்தப் பெயரால் கூப்பிடுகிறவர்கள் இந்த மலரை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள். எங்கள் அம்மாவின் படம் உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.