பெரட்டுக்களத்துக்குப் போன அச்சுத்தாள்

கடல் தாண்டி நான் வந்திருக்கும் இந்தத் தேயிலை மலைநாட்டில் அச்சடித்த தாளை நீட்டினால், வாங்குவதற்கு முன் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். நம் திருச்சிப் பக்கத்தில் நாடகக் கம்பெனி வண்டி நோட்டீஸ் வீசிக்கொண்டு போனால் எழுத்துத் தெரியாதவர்களும் ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள். பிறகு அதில் சுண்டல் மடிப்பார்கள். தாளைக் கண்டு பயப்படும் மனிதர்களை நான் முதன்முதலாகப் பார்த்தது, வட்டவளைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்து மருந்துச்சாலையில்தான்.

நான் இங்கே நர்ஸாக வந்த முதல் மழைக்காலத்தில், கொக்கிப்புழு நோயைப் பற்றிய துண்டுப்பிரசுரங்கள் ஒரு கட்டு அரசாங்கச் சுகாதாரப் பகுதியிலிருந்து வந்து சேர்ந்தன. வருகிற நோயாளிக்கெல்லாம் ஒன்று கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. முதலில் வாங்கியவள் செவனம்மா, கொழுந்து பறிப்பவள், கைக்குழந்தைக்காரி. கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அடுப்பு மண்ணைக் கிள்ளித் தின்னத் தோன்றுகிறது என்றாள். கூடை நிறைவதில்லை, அதனால் பல நாள் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழுகிறது. கங்காணி சோம்பேறி என்று ஏசுகிறார். நான் ஒரு தாளை எடுத்து நீட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

“நிறுத்திப்புட்டாங்களாம்மா? கைப்புள்ளய வச்சுக்கிட்டு நான் எங்கம்மா போவேன்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்து கலக்கிக்கொண்டிருந்த டிஸ்பென்சர்தான் சொன்னார். தோட்டத்தில் ஓர் ஆளை வேலையிலிருந்து நீக்கும்போது கொடுக்கும் தாளுக்குப் பத்துச்சீட்டு என்று பெயர். தேயிலை விலை விழுந்து, குடும்பம் குடும்பமாக ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. எழுத்தறியாத பெண்ணுக்கு எந்தத் தாளும் அந்தத் தாள்தான்.

அழுகை நின்றதும் அடுத்த சங்கடம் வந்தது. தாளின் நடுவில் புழுவைப் பல மடங்கு பெரிதாக்கிப் படம் போட்டிருந்தார்கள். “ஆத்தாடி, பாம்புல்ல இது!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அது நூல் அளவுதான் இருக்கும் என்றேன், நம்பவில்லை. மழையில் நனைந்த அவள் காலில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, “இது வெளியில் இருந்து ரத்தம் குடிக்கிறது, அது குடலுக்குள் இருந்து குடிக்கிறது. பாதத்து வழியாக ஏறிவிடும்” என்றேன்.

“அட்டைன்னா சுண்ணாம்பு வச்சா விழுந்துருமே. இதுக்கு என்னா வைக்கிறது?”

“இதற்கும் மருந்து இருக்கிறது.”

தாளில் இருந்ததை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ‘வெறுங்காலுடன் நடவாதீர். மலசலகூடமன்றிப் பிறவிடத்தில் மலங்கழியாதீர்.’ அதை நான் பேச்சில் சொன்ன பிறகு அவள் யோசித்தாள்.

“செருப்புப் போட்டுக்கிட்டு மலையில நின்னா கங்காணி சும்மா வுடுவாராம்மா? அப்புறம், அந்தக் கக்கூசு எந்தப் பக்கம் இருக்கு?”

தொழிலாளர்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் லயங்களுக்கு எந்தப் பக்கத்திலும் இல்லை. உத்தியோகத்தர் வீடுகளுக்கு மட்டும் இருந்தது, எனக்கும் ஒன்று. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவள் போன பிறகு டிஸ்பென்சரிடம் கேட்டபோது, “தாளைக் கொடுத்தாச்சில்ல? அதோட நம்ம வேலை முடிஞ்சுது” என்றார்.

திருச்சியில் நர்ஸ் வேலைக்குப் படித்தபோதும் இப்படித்தான் தாள்கள் கொடுத்தோம். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒருத்தி படித்துக் காட்டுவாள், இன்னொருத்தி விநியோகிப்பாள். வீட்டுக்குப் போனபின் அந்தத் தாள் என்ன ஆனது என்று எங்களுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. புருஷன் செத்தவளுக்கு உத்தியோகம் எதற்கு என்று கேட்ட மாமனார் வீட்டிலிருந்து வெளியேறி, நான் கடல் தாண்ட மண்டபம் முகாமுக்கு வந்தேன். அங்கே தோட்டத்துக்குப் போகிறவர்களோடு வரிசையில் நின்று, அவர்கள் குடித்த அதே கசப்பு மருந்தை நானும் முகம் சுளித்துக் குடித்தேன். பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ரயில் ஏறி இங்கே வந்து இறங்கியதும் அவளுக்கு லயத்தில் ஓர் அறை, எனக்குத் தகரக் கூரை போட்ட தனி வீடு. அந்தக் கையை நான் பிறகு தேடவே இல்லை.

மருந்து செவனம்மாவுக்கு நன்றாகக் கேட்டது. முகத்தில் ரத்தம் ஊறியது, கூடை நிறைந்தது. அடுத்த மழை முடிவதற்குள் மறுபடியும் வெளுத்துப்போய் வந்து நின்றாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள்.

“மருந்து வேலை செஞ்சிச்சும்மா. இந்தக் காயிதம் சொன்னதுதான் ஒண்ணும் நடக்கல. இத தொரைக்கிட்ட காட்டுனா என்னா? அவருக்குப் படிக்கத் தெரியுமே.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு நானும் போனேன். பனியில் முக்காடிட்டு நின்ற பெண்களுக்கு நடுவிலிருந்து செவனம்மா வெளியே வந்து, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் தாளை நீட்டினாள்.

“யார் குடுத்தது?” என்றார் துரை.

கங்காணி என்னைத் திரும்பிப் பார்த்தார். “நான்தான் கொடுத்தேன்” என்று முன்னே வந்தேன்.

துரை தமிழ் கற்றது கங்காணிமாரிடம். அதில் ‘நீங்கள்’ என்ற சொல்லே கிடையாது. “நீ ஆளுக்குக் கலகம் சொல்லிக் குடுக்குறது?” என்றார். வேலை போனால் திரும்பிப் போக எனக்கு எந்த வீடும் இல்லை.

“கலகம் இல்லீங்க தொரை” என்றாள் செவனம்மா. “கவருமெண்டு காயிதம். வயித்துக்குள்ள அட்டை இருக்குதாங்க.”

“அட்டைக்கு உப்புப் போடு” என்றார் துரை.

யாரும் சிரிக்கவில்லை. அவர் பெண்களின் வரிசையை ஒருமுறை பார்த்தார். தாளைப் புரட்டினார், பின்பக்கம் அதே செய்தி இங்கிலீஷில் இருந்தது. நின்றபடியே முழுதும் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குதிரையேறிப் போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் பாக்டரியின் பழைய தகரங்களைக் கொண்டுவந்து, சாலையோர லயங்களுக்குப் பின்னால் குழி வெட்டிக் கக்கூஸ் கட்டத் தொடங்கினார்கள். செவனம்மாவின் மேட்டு லயத்துக்கு மட்டும் வரவில்லை. அவள் சம்பள நாள்தோறும் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்று கேட்டாள். கடைசியில் அங்கேயும் வந்தது. மீண்டும் மருந்து கொடுத்தேன். இம்முறை வந்த ரத்தம் முகத்தில் தங்கியது. இப்போது முழுப்பேர் போடுகிறாள். சோம்பேறி என்று அவளை யாரும் சொல்வதில்லை. செருப்பு மட்டும் இன்னும் மலையேறவில்லை. என்னைத் துரை நீக்கவில்லை. இனி எந்தத் தாளானாலும் தன்னிடம் காட்டிவிட்டே கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அதனால் இப்போது பிரசுரங்களை நானே எழுதுகிறேன். அவர் பார்த்த பின் பக்கத்து நகரமான ஹட்டனில் அச்சாகின்றன. போன வாரம் பிள்ளைப்பேற்றைப் பற்றி ஒன்று எழுத உட்கார்ந்தேன். ‘நீங்கள்’ என்று தொடங்கினால், மேலே நின்று உத்தரவு போடுகிற குரல் வருகிறது. ‘நாங்கள்’ என்றால் படிக்கிறவள் வெளியே நிற்கிறாள். ‘நம்ம லயத்துல’ என்று எழுதி, மருந்துக்கு வந்த செவனம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“நல்லா வெளங்குதும்மா” என்றாள். பிறகு கேட்டாள்: “இது யாரு பேசுற மாதிரி?”

லயத்தில் நான் ஒருநாளும் குடியிருந்ததில்லை. மை காயட்டும் என்று தாளைச் சன்னலில் வைத்தேன். மேட்டில் அவள் லயத்துப் புகை எழுந்துகொண்டிருந்தது. பள்ளத்தில், பத்துச்சீட்டு வாங்கி மண்டபத்துக்குக் கப்பலேற வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு, ரயில் மெதுவாக இறங்கிப் போனது.