செதில் உதிர்ந்த அயிலை

எழுதப் பழகியவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலுபேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அருமனையில் பெரியப்பா வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். துபாயில் மரப்பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா லீவுக்கு வந்தபோது ஒரு மெஷின் கொண்டுவந்தார். தையல் மெஷின் ஊசிபோல மெல்லிய அறுப்புவாள் ஒன்று அதில் மேலும் கீழும் ஓடும். பலகையை எப்படித் திருப்பித் தள்ளினாலும் அப்படியே அறுக்கும். அவர் திரும்பிப் போனதும் அது வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை முடிந்த மறுநாள் அதை ஆசாரிக்குக் கொடுத்துவிடப்போவதாகப் பெரியப்பா சொல்லிவிட்டார்.

சித்திக்கு அது வேண்டும். தையல் பழகிய கை என்பதால் வாளிடம் பயமில்லை. பெரியப்பாவிடம் கேட்கத்தான் பயம். சபையில் காணிக்கைப் பொருள்களை விற்கும் பண்டிகை ஏலத்துக்கு அதில் எதையாவது அழகாகச் செய்து வைத்தால் அவர் மனசு மாறும் என்று நினைத்தாள். வெள்ளைத்தாள் அடுக்கின் ஓர் ஓரத்தில் பசை தடவிக் காயவைத்தாள். மேலேயும் கீழேயும் பிளைவுட் வைத்து இறுக்கி, அயிலை மீன் வரைந்து, வாலும் துடுப்பும் பிசிறில்லாமல் அறுத்தெடுத்தாள். சிவப்பு ரிப்பன் கட்டியதும், இப்படியொரு குறிப்பேடு நாகர்கோவில் கடைகளில்கூட இருக்காது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சக்கைப்பழமும் வாழைக்குலையும் ஏலம் போனபிறகு மீன் வந்தது.

“ஏலே, குளச்சல்ல ஏலம் விடுக மீனு இஞ்ச எப்பிடி வந்து சேந்துது?” என்று யாரோ கேட்க, முற்றமே சிரித்தது.

ஏலம் விடுகிறவர் உள்ளே காட்டுவதற்காக ரிப்பனை அவிழ்த்தார். தாள்கள் காற்றில் பறந்தன. மீனின் வளைவை அறுத்தபோது பசை தடவிய ஓரமும் சேர்ந்தே போய்விட்டது. ரிப்பன் இறுக்கத்தில் எங்களுக்கு அது தெரியவில்லை.

“செதிலு உதிருது மக்கா, பிடிங்கோ!”

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அழுதேவிட்டேன். பெரியப்பா எழுந்து, கூட்டத்துக்குள் குனிந்து குனிந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினார். பிறகு சீட்டுக்கட்டைத் தட்டுவதுபோலத் தொடையில் தட்டி அடுக்கி, ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

“ஒரு தாளுகூட முன்னபின்ன இல்லியே,” என்றார் சித்தியிடம். “பசைய அறுத்த பொறவுல்லா போடணும் மக்களே.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊரே சிரித்தது போதாதென்று இவரும் குத்திக்காட்டுகிறாரே! சித்தி முந்தானையை இறக்கிவிட்டு, “செரி அத்தான்” என்று நிமிர்ந்து சொன்னது எனக்கு விளங்கவே இல்லை. அவளுக்கு ரோஷமே கிடையாதா என்று நினைத்துக்கொண்டு, வீடுவரை இருவரையும் விட்டு முன்னால் நடந்தேன்.

மறுநாள் காலை மெஷினை ஏற்றிப்போக ஆசாரி வேன் கொண்டுவந்தார். பெரியப்பா அவருக்குக் கட்டன்சாயா கொடுத்து, வெறும் வண்டியாகத் திருப்பி அனுப்பினார்.