முடியளவு குழாய்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பௌர்ணமி. கிரிவலம் முடித்த கையோடு என்னையும் பெண் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, மாப்பிள்ளை வீட்டார் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"மெட்ராஸ்ல என்னம்மா ஆராய்ச்சி பண்றே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ஆசையாகச் சொன்னேன். முடியளவே இருக்கும் கண்ணாடிக் குழாயில் மின்னூட்டமுள்ள துகள்களை அடைத்து, மின்சாரம் செலுத்தினால், அதில் விட்ட கலவையிலிருந்து பெப்டைடு என்ற சின்னப் புரதத் துணுக்குகள் தனித்தனியாகப் பிரிந்து வரும்.

அவர் தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினார். "இதுக்குள்ளயா இவ்ளோ வருஷமா பூந்துனு இருந்தே?"

முதலில் சிரித்தவர் என் அப்பா. "நானும் அதத்தான் கேக்கறேங்க. கல்யாணம் ஆனா விட்டுடுவா."

பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

பார்க்க ஒன்றுபோலிருக்கும் இரண்டு பெப்டைடுகளைக்கூட அந்தக் குழாயில் பிரித்திருக்கிறேன். அன்று எங்கள் கூடத்தில், வந்தவர்கள் யார், என் வீட்டார் யார் என்று என்னால் பிரிக்க முடியவில்லை.